தேதி இல்லாத பழையது

முருங்கைக்காய் கிலோ 70 ரூபாய் என்று எங்கள் காய்கறி விலை வலைத்தளத்தின் பக்கத்தில் பார்த்துவிட்டு, அரவக்குறிச்சிப் பக்கத்து விவசாயி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை தோட்டத்தில் ஆள் விட்டார். காய் பறிக்க 4 பேருக்குக் கூலி. சந்தைக்குக் கொண்டுபோகக் குட்டியானைக்கு வாடகை. சரக்கை இறக்கியதும் கமிஷன் கடையில் சொன்ன விலை 38.

மதியம் அவர் கூப்பிட்டார். குரலில் கோபம்கூட இல்லை. “தம்பி, உங்க பக்கத்துல எழுவதுன்னு இருந்துச்சு. அத நம்பித்தான் ஆளு விட்டேன். முப்பத்தெட்டுன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு நாள் மரத்துலயே விட்டிருப்பேனே.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 38 என்றுதான் இருந்தது. தரவுத்தளத்தைப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை 6:10-க்கே 38 என்று பதிவாகியிருந்தது. “எங்களுக்கு முப்பத்தெட்டுன்னுதான் காட்டுதுங்க ஐயா” என்றேன். “அப்ப நான் பொய் சொல்றனா தம்பி?” என்று கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பது புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்தப் பக்கத்தைச் சர்வர் ஒருமுறை தயாரித்து, கேஷ் என்னும் தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். அதன் ஆயுள் 60 நொடி. ஆயுள் முடிந்தபின் முதலில் வருகிறவருக்கு அந்தப் பழைய நகலையே உடனே கொடுத்துவிட்டு, பின்னணியில் புதியதைத் தயாரிக்கும். முருங்கைப் பக்கத்தை அதற்குமுன் கடைசியாக ஒருவர் பார்த்தது வியாழக்கிழமை. ஞாயிறு காலை முதலில் வந்தவர் இவர். வியாழக்கிழமை விலை இவருக்குப் போனது. இவர் வந்ததால் தயாரான புதிய பக்கத்தைத்தான் மதியம் நான் பார்த்தேன். அந்த 60 என்ற எண்ணை எழுதியது நான். அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

இந்த முறைக்கு எங்கள் தொழிலில் ‘ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட்’ என்று பெயர். பழையதைக் கொடு, பின்னால் புதுப்பி என்பது அதன் சாரம். இன்று வலைச்செயலி எழுதுகிறவர்களிடையே இது ஏறக்குறைய ஒரு பொதுப்புத்தி ஆகிவிட்டது. அவர்கள் சொல்வது இதுதான்: பயனர் காத்திருக்க வேண்டியதில்லை, பக்கம் சட்டென்று வரும். பழையது என்றாலும் சில நொடிதான் பழையது, யாரும் கவனிக்கப்போவதில்லை. சர்வருக்குச் சுமை குறையும். பின்னால் இருக்கும் ஏபிஐ விழுந்தாலும் தளம் நிற்கும். உண்மையில் திரைக்கு வரும் எந்தத் தரவும் வந்து சேர்வதற்குள் பழையதாகிவிடுகிறது, ஆகவே புதியது என்று ஒன்றே கிடையாது. எனவே எல்லாவற்றுக்கும் இதையே இயல்புநிலையாக வை; தேவைப்பட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இந்த வாதங்களில் உண்மை இருக்கிறது. அவற்றிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. பழையதைக் கொடுப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. பழையது என்று சொல்லாமல் கொடுப்பதையும், எவ்வளவு பழையது வரை போகலாம் என்று யாரும் தீர்மானிக்காமல் கொடுப்பதையும்தான் மறுக்கிறேன்.

முதலில் இந்த உத்தி பிறந்த இடத்தைப் பார்ப்போம். 2010 மே மாதம், யாஹூவில் பணியாற்றிய மார்க் நாட்டிங்ஹாம் எழுதிய ஆர்எஃப்சி 5861 என்ற சிறிய ஆவணம் இதை முறைப்படி விவரித்தது. அதில் உள்ள உதாரணம் இப்படி: ஒரு பதில் 600 நொடிக்குப் புதியது, அதற்குப் பிறகு, பின்னணியில் சரிபார்ப்பு நடக்கும்வரை, மேலும் 30 நொடி பழையதைக் கொடுக்கலாம். அந்த 30 நொடியும் போய்விட்டால் சலுகை கிடையாது, காத்திருந்து புதியதைத்தான் வாங்க வேண்டும். பத்து நிமிட ஆயுளுக்கு அரை நிமிடச் சலுகை. கதவை மூடும் நேரத்தில் ஓடிவருகிறவருக்காக ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொள்வது போன்ற ஏற்பாடு அது.

2019-இல் குரோம் 75-ஆம் பதிப்பும் ஃபயர்ஃபாக்ஸ் 68-ஆம் பதிப்பும் இதை ஏற்றுக்கொண்டன. அதே ஆண்டில் இந்தப் பெயரைச் சுருக்கியே எஸ்டபிள்யூஆர் என்ற ரியாக்ட் நூலகமும் வந்தது. அதற்குப்பின் நிலைமை தலைகீழானது. இன்று பாடமாகச் சொல்லித்தரும் உதாரணங்களில் 1 நொடி புதியது, 59 நொடி பழையது என்று இருக்கும். ஒரு நாளைக் குறிக்கும் 86,400 என்ற எண்ணையும் கூசாமல் எழுதுகிறோம். சலுகையாக வந்தது விதியாக உட்கார்ந்துகொண்டது. ‘இது தரப்படுத்தப்பட்ட முறைதானே’ என்று வாதிடுகிறவர்கள் அந்த ஆவணம் காட்டிய விகிதத்தை ஒருமுறை பார்க்கட்டும்.

‘சில நொடிதான் பழையது’ என்ற வாதம் போக்குவரத்து நிறைந்த பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். நொடிக்கு நூறு பேர் வரும் முகப்புப் பக்கத்தில் 60 நொடி என்று வைத்தால், 61-ஆம் நொடியில் யாரோ ஒருவர் வந்து புதுப்பித்துவிடுவார். நாளுக்கு இரண்டு பேர் வரும் பக்கத்தில் அதே 60-க்கு என்ன அர்த்தம்? எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஆள் வருகிறார்களோ அதுதான் அங்கே தரவின் வயது. 12 மணி நேரமாக இருக்கலாம், மூன்று நாளாகவும் இருக்கலாம். அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கும் 60 அந்தப் பக்கத்தைக் கட்டுப்படுத்தவே இல்லை. எச்டிடிபி தலைப்பில் எழுதும் சலுகைக்காவது ஒரு முடிவு உண்டு. அந்த முடிவையும் விட்டுவிட்ட கருவிகள் பல. சர்வீஸ் ஒர்க்கருக்கான ஒர்க்பாக்ஸ் நூலகத்தில் இதே பெயரில் ஓர் உத்தி இருக்கிறது. காலாவதி விதியை நாமே சேர்க்காவிட்டால், கேஷில் எது இருக்கிறதோ அதை அது கொடுத்துவிடும். ஒரு மாதம் கழித்து ஆப்பைத் திறக்கிறவருக்கு முதலில் தெரிவது ஒரு மாதத்துக்கு முந்தைய உலகம்.

இதில் ஓர் அநீதியும் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுவது குறைவாகப் பார்க்கப்படும் பக்கங்கள். தக்காளி விலையை ஆயிரம் பேர் பார்ப்பார்கள், அது எப்போதும் புதிதாக இருக்கும். முருங்கை விலையைப் பார்க்க வருகிறவர் ஒருவர், இருவர். யாருக்கு வேறு வழியில்லையோ, யார் நேரமல்லாத நேரத்தில் வருகிறாரோ, அவருக்கே மிகப் பழையது போய்ச்சேர்கிறது. இந்த இயல்புநிலைகளைப் பரிந்துரைக்கும் நாம் சோதித்துப் பார்ப்பதோ அலுவலக நேரத்தில், ஆள் நடமாட்டம் உள்ள பக்கத்தில்.

கேஷ் ஒன்றோடு நிற்பதும் இல்லை. சர்வரின் நினைவகத்தில் ஒன்று, நடுவில் சிடிஎன்னில் ஒன்று, பிரவுசரில் ஓடும் நூலகத்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 1 நிமிடம் புதியது, 5 நிமிடம் சலுகை என்று வைப்போம். ஒவ்வொரு அடுக்கையும் எழுதியவர் ‘அதிகபட்சம் 6 நிமிடம்’ என்று நிம்மதியாக இருப்பார். மூன்றும் சேர்ந்தால் 18 நிமிடம். எச்டிடிபியில் இதற்கென்றே ‘ஏஜ்’ என்ற தலைப்பு உண்டு. இந்தப் பதிலுக்கு இவ்வளவு வயதாகிவிட்டது என்று ஓர் அடுக்கு அடுத்த அடுக்குக்குச் சொல்லும். ஆனால் சர்வர் நிரல் தன் நினைவகத்தில் இருந்த பழையதை எடுத்துப் புதிய பதிலாகக் கட்டி அனுப்பும்போது அந்த வயது பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. பழைய சரக்குக்குப் புதுப் பிறந்தநாள் கிடைத்துவிடுகிறது.

‘பயனர் கவனிக்க மாட்டார்’ என்பதை ஒரு தகுதியாகவே சொல்கிறார்கள். எனக்கு இதுதான் மிகப் பெரிய குற்றச்சாட்டு. கவனிக்க முடிந்தால் அவர் தன்னைக் காத்துக்கொள்வார்; இன்னொருமுறை பார்ப்பார், சந்தைக்குப் போன் போட்டுக் கேட்பார். கவனிக்க முடியாதபடி செய்துவிட்டு, கவனிக்கவில்லை என்று பெருமைப்படுவது எப்படி நியாயம்?

அதைவிட மோசம், இந்த முறை தன் தடயத்தைத் தானே அழித்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவரின் வருகையே பிழையைச் சரிசெய்துவிடுகிறது. அவர் புகார் சொல்லும்போது நாம் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ‘எங்களுக்குச் சரியாகத்தான் தெரிகிறது’ என்று நாம் சொல்வோம். அது உண்மையும்கூட. பெரும்பாலான பிழைகளைத் திரும்ப நிகழ்த்திப் பார்க்கலாம். இதைத் திரும்ப நிகழ்த்த வேண்டுமென்றால் மூன்று நாள் யாரும் வராமல் இருக்க வேண்டும். எத்தனை பேர் ‘நம்ம கண்ணுதான் தப்பாப் பாத்துடுச்சு போல’ என்று போனை வைத்திருப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

பிரவுசரில் ஓடும் நூலகங்களில் திரையே மாறுகிறதே, அங்கே இந்தச் சிக்கல் இல்லையே என்பார்கள். அங்கே வேறு சிக்கல். பழைய பட்டியல் உடனே வருகிறது. அரை நொடி கழித்து, எந்த அறிவிப்பும் இல்லாமல், புதியது அதன் இடத்தில் வந்து உட்காருகிறது. மேலே ஒரு வரி கூடினால் கீழே உள்ளவை எல்லாம் ஒரு வரி இறங்கும். மூன்றாவது ஆர்டரை ரத்துசெய்யக் கிளம்பிய விரல் இரண்டாவது ஆர்டரில் போய் விழும். எண்ணைப் படித்துவிட்டுக் கண்ணை எடுத்தவருக்கு அது மாறியதே தெரியாது. ரியாக்ட் குவெரி போன்ற நூலகங்கள் இந்தத் தரவு எப்போது வந்தது, இப்போது புதுப்பிப்பு நடக்கிறதா என்ற இரண்டையும் நிரலாளர் கையில் கொடுக்கின்றன. நாம்தான் அதைத் திரைக்குக் கொண்டுவருவதில்லை. குறை கருவியில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது.

‘எல்லாத் தரவும் பழையதுதான்’ என்ற வாதம் கேட்கத் தத்துவம் போல இருக்கும். எல்லா மனிதரும் ஒருநாள் சாகத்தான் போகிறார்கள் என்பதால் மருத்துவர் காய்ச்சலைக் கவனிக்காமல் விடலாமா? 200 மில்லிநொடித் தாமதமும் மூன்று நாள் தாமதமும் ஒன்றல்ல. முக்கியமாக, ஒன்று எவ்வளவு பழையது என்று தெரிந்திருப்பதும் தெரியாமலிருப்பதும் ஒன்றல்ல. பால் பாக்கெட்டில் தேதி இருக்கிறது, மாத்திரை அட்டையில் தேதி இருக்கிறது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழையதைக் காலையில் பழையது என்று சொல்லித்தான் தட்டில் போடுகிறோம். அதன் பெயரே அதுதான். யாருக்கும் அதில் குறை இல்லை.

இணையத்தைக் கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1999-இல் வெளியான எச்டிடிபி 1.1 விவரணை, கேஷ் எங்காவது உண்மையிலிருந்து விலகினால் அது எதிர்முனைக்குத் தெரிய வழி இருக்க வேண்டும் என்பதை ஓர் அடிப்படைக் கொள்கையாகவே வைத்தது. பழைய பதிலைக் கொடுக்கும் கேஷ், ‘வார்னிங் 110’ என்ற எச்சரிக்கைத் தலைப்பைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றது. இந்தப் பதில் பழையது என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அடுத்து நடந்ததை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டும். சர்வர்கள் பெரும்பாலும் அந்தத் தலைப்பை அனுப்பவில்லை. அனுப்பினாலும் பயனருக்கு யாரும் காட்டவில்லை. 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9111, அந்தக் காரணங்களைச் சொல்லியே அதை வழக்கொழிந்ததாக அறிவித்தது. நேர்மைக்காக வைத்த விதியை நாம் கடைப்பிடிக்காததால் விதியே போய்விட்டது. பழையதைக் கொடுக்கும் உரிமையை விரித்துக்கொண்டே போன அதே காலத்தில், பழையது என்று சொல்லும் கடமையைக் கைவிட்டிருக்கிறோம்.

‘பெரிய நிறுவனங்களே இப்படித்தான் செய்கின்றன’ என்பவர்களுக்கு ஒரு பெரிய நிறுவனத்தையே காட்டுகிறேன். ஃபேஸ்புக் தன் மெம்கேஷ் அமைப்பைப் பற்றி 2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஒரு மதிப்பு கேஷிலிருந்து நீங்கியதும் ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தின்மேல் பாயும் ஆபத்தை அதில் விவரிக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் புதுப்பிக்கும் உரிமைச்சீட்டைக் கொடுத்து மற்றவர்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்லும் முறையால், உச்ச நேரத்தில் நொடிக்கு 17,000 ஆக இருந்த தரவுத்தள வினவல் 1,300 ஆகக் குறைந்தது என்கிறார்கள். அதே இடத்தில், நீக்கப்பட்ட பழைய மதிப்பைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து கொடுக்கவும் வழி செய்திருக்கிறார்கள். எப்படிக் கொடுக்கிறார்கள்? பழையது என்று குறியிட்டு. அதை ஏற்பதா, காத்திருப்பதா என்பதைக் கேட்கிற செயலியே தீர்மானிக்கும். சுமை குறைக்கும் வாதத்துக்கு இதுதான் என் பதில். நூறு பேர் கேட்டாலும் பின்னால் ஒருமுறைதான் கேட்பது என்பது ஓர் ஏற்பாடு. பழையதைச் சொல்லாமல் கொடுப்பது வேறோர் ஏற்பாடு. முதலாவதுக்கு இரண்டாவது தேவையே இல்லை.

‘ஏபிஐ விழுந்தாலும் தளம் நிற்கும்’ என்பதை நான் மதிக்கிறேன். வெறும் பிழைப் பக்கத்தைவிட நேற்றைய விலை நல்லதாக இருக்கலாம். ஆர்எஃப்சி 5861 இதற்குத் தனிச் சலுகையே வைத்தது, ‘ஸ்டேல்-இஃப்-எரர்’ என்று. தனியாக வைத்ததில் காரணம் இருக்கிறது. வேகத்துக்காகப் பழையதைக் கொடுப்பது ஒரு முடிவு, விபத்தில் பழையதைக் கொடுப்பது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், பின்னணியில் புதுப்பிப்பு தோற்றுக்கொண்டே இருக்கும். முன்னால் பக்கம் சிரித்துக்கொண்டே இருக்கும். கண்காணிப்புத் திரையில் எல்லாப் பக்கமும் 200 என்று பச்சை காட்டும். கையில் தரவு இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இருந்தால் காட்டி, பிழையைப் பார்க்காமலே திரும்பிவிடும் நிரலை நானே எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன். அப்படி எழுதினால் தளம் நிற்பது உண்மைதான். தரவு செத்துக் கிடப்பது யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒரு கேள்வி வரும்: ‘அப்படியானால் சுழலும் வட்டத்தைக் காட்டிப் பயனரைக் காக்க வைக்கச் சொல்கிறீர்களா?’ வேகமான பழையது, மெதுவான புதியது என்று இரண்டே வழிதான் இருப்பதாக இந்தக் கேள்வி எண்ணுகிறது. எங்கள் முருங்கை விலையை எடுக்கும் வினவலில் ஓர் இன்டெக்ஸ் விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்ததும் கேஷ் இல்லாமலே பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வந்தது. மெதுவான வினவலைப் பழைய நகலுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தோம்; ஒளித்ததால் சரிசெய்யாமலே இருந்தோம். இன்னொன்று, விலை மாறும் கணம் எங்களுக்கே தெரியும். எங்கள் ஆள்தான் அதைப் பதிவுசெய்கிறார். அந்தக் கணத்தில் பழைய நகலை நீக்கிவிட்டாலே போதும். அடுத்து யார் வந்து தட்டுவார் என்று பக்கம் காத்துக் கிடக்க வேண்டியதில்லை.

எனவே என் நிலைப்பாடு இது. ஒருவர் அந்தத் தரவை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். படித்துவிட்டுப் போகப்போகிறார் என்றால், அதாவது கட்டுரை, சமையல் குறிப்பு, முகப்புப் படம், ஊர் அறிமுகம் போன்றவை என்றால், பழையதைத் தாராளமாகக் கொடுங்கள். இந்த உத்தி அங்கே அருமையானது. அதை வைத்துப் பணம் கொடுக்கப்போகிறார், ஆள் விடப்போகிறார், மருந்து எடுக்கப்போகிறார், பஸ் ஏறப்போகிறார் என்றால் பழையதற்கு ஓர் எல்லை வையுங்கள். எல்லை தாண்டினால் காத்திருக்க வையுங்கள். எல்லைக்குள் கொடுத்தாலும் ‘நேற்று மாலை 6:10 நிலவரம்’ என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே, படிக்கும் அளவில் எழுதுங்கள். முடிவெடுக்கும் பொத்தானை அழுத்தும் கணத்தில் சர்வரில் மறுபடி சரிபாருங்கள். பின்னணிப் புதுப்பிப்பு தோற்றால் உங்கள் போன் அடிக்கட்டும். அந்த எல்லை எத்தனை நிமிடம் என்பதை நிரலாளர் தனியாக உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டாம். நான் 60 என்று எழுதியபோது சந்தையைத் தெரிந்த ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

ஏனென்றால் சந்தையில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் இருக்கிறது. பிறகு நேரில் போனபோது பார்த்தேன். கமிஷன் கடை வாசலில் ஒரு கரும்பலகை. ஏலம் முடிந்ததும் கணக்குப்பிள்ளை ஈரத்துணியால் நேற்றைய விலை முழுவதையும் துடைத்தார். பலகை காயும்வரை நின்றார். சுண்ணக்கட்டியை எடுத்து முதலில் எழுதியது விலையை அல்ல. மேல் மூலையில் தேதியை எழுதினார், அடிக்கோடு போட்டார். அதற்குப் பிறகுதான் முருங்கை, கத்தரி, அவரை என்று இறங்கினார். சில நாள் ஏலம் தாமதமாகும், அப்போது பழைய விலையை முன்பே துடைத்துவிடுவதால் பலகை வெறுமையாகத்தான் இருக்கும் என்றார். வெறும் பலகையைப் பார்த்தவர்கள் கடைக்குள் வந்து கேட்டுக்கொள்வார்களாம்.

எங்கள் பக்கத்தில் இப்போது விலைக்கு மேலே தேதியும் நேரமும் இருக்கின்றன. அதைச் சேர்க்க ஒரே ஒரு வரி நிரல்தான் தேவைப்பட்டது.